பாட்டுக்கும் பட்டா வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுயாதீன இசை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சினிமா வாய்ப்புக்காக ஸ்டுடியோ வாசலில் தவம் கிடக்க வேண்டாம், வீட்டு அறையிலேயே பதிவு செய்து உலகம் முழுக்கப் போய்ச்சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் போய்ச்சேர்ந்த பாட்டிலிருந்து காசு எப்படித் திரும்பி வரும் என்பதற்குக் கட்டுரையில் இரண்டே வரிகள்தான் இருந்தன. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பகுதிப் பையன்கள் மூன்று பேர் மறுநாளே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, ஒரு லட்சம் பேர் கேட்டா எவ்வளவு வரும்?" என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஒருவன் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தான். அவர்களுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் பதினெட்டு வருடமாகக் கீபோர்டு வாசித்துத்தான் குடும்பம் நடத்துகிறேன், இதில் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய.

முதலில் அந்த ஒரு லட்சம் கணக்கு. ஸ்பாடிஃபை மாதிரி இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்ட்ரீமிங் செயலிகளில், ஒரு தடவை ஓடினால் இத்தனை பைசா என்று நிர்ணயித்த விலை எதுவும் கிடையாது. கேட்பவர்கள் கட்டுகிற சந்தா, விளம்பரத்தில் வருகிற காசு எல்லாம் கோயில் உண்டியல் மாதிரி ஒரே இடத்தில் விழும். நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை தடவை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிக்கும். நம் நாட்டில் அந்த உண்டியலே சின்னது. 2019-இல் ஸ்பாடிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய், அமெரிக்காவில் அதே சந்தா அப்போது 9.99 டாலர். அந்தச் சந்தாவையும் கட்டாமல் இலவசமாகக் கேட்பவர்கள்தான் இங்கே பெரும்பாலோர். போதாக்குறைக்கு 2024-இலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஸ்பாடிஃபை ஒலிப்பதிவுக் காசே தருவதில்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு வர வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும், அல்லது ஷார்ட்ஸ் 90 நாளில் ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் என்ன? நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை முழுசாக 60,000 தடவை கேட்க வேண்டும். இதை அந்தப் பையன்களிடம் தாளில் போட்டுக் காட்டினேன், மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவர்களைப் பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. ஸ்ட்ரீமிங்கில் பாட்டு இருக்கத்தான் வேண்டும். புரோகிராமுக்குக் கூப்பிடுகிறவர் முதலில் அங்கேதான் தேடிப்பார்க்கிறார், அது நம் விசிட்டிங் கார்டு. சோறு வருவது வேறு வழிகளில். அதில் ஒரு வழியை நம்மில் பாதிப்பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. நிலமும் அதன்மேல் கட்டிய வீடும் மாதிரி. வீடு ஒருத்தர் பெயரிலும் நிலம் வேறொருத்தர் பெயரிலும் இருக்கலாம், இரண்டுக்கும் தனித்தனியாக வருமானம் உண்டு. பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிவிடுகிற விநியோக நிறுவனம் நமக்கு அனுப்புவது ஒலிப்பதிவுக்கான காசு. வரிக்கும் மெட்டுக்கும் உரிய காசு வேறு பாதையில் வருகிறது. மும்பையில் 1969-இலிருந்து இருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் ரேடியோ, டிவி, ஸ்ட்ரீமிங், ஹோட்டல், மேடை நிகழ்ச்சி என்று பல இடங்களிலிருந்து அதை வசூல் செய்து, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அந்த உரிமையை வைத்திருக்கிற பதிப்பாளருக்கும் பிரித்துக்கொடுக்கிறது. 2017-இல் அது மறுபடி முறையாகக் காப்புரிமைச் (காப்பிரைட்) சங்கமாகப் பதிவானது. பாடகர்களுக்கென்று 2013-இல் பதிவான இஸ்ரா என்ற சங்கம் இருக்கிறது, இப்போது இசாம்ரா என்கிறார்கள். உறுப்பினராகிப் பாட்டையும் பதிவு செய்தவர்களுக்குத்தான் காசு வரும். நாம் போய்க் கேட்காவிட்டால் யாரும் தேடிக் கொண்டுவந்து தரப்போவதில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்கள் இருபது பேராவது இருப்பார்கள், உறுப்பினரானவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்றவர்களுக்குச் சினிமாக்காரர்களுக்கு மட்டும்தான் அது என்ற நினைப்பு.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2013-இல் ஒரு ஆல்பம் நிறுவனத்துக்காக அம்மன் பாட்டு ஒன்றுக்கு மெட்டுப் போட்டேன். வரி எழுதியவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியர். எனக்கு 4,000 ரூபாய், ஐயாவுக்கு 1,500. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'பாடலின் சகல உரிமைகளும்' என்று ஒரு வாசகம் இருந்தது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு ஆடி மாதம் வந்தால் போதும், குழாய் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு எங்கள் காதில் விழும். ஐயா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். யூடியூபில் லட்சக்கணக்கில் ஓடியது, காலர் டியூனாகவும் போட்டிருந்தார்கள். அதில் எங்கள் இருவர் பெயரும் எங்கேயும் இல்லை. 2020-இல் ஐயா போய்விட்டார். கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டாயிற்றே என்று இருந்துவிட்டோம்.

மறு வருடம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போன இடத்தில் வழக்கறிஞர் ஒருவரோடு பேச்சு வந்தது. அந்தத் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலையே" என்றார். காப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவில் இருக்கிறது: உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். எந்தெந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். கையெழுத்திட்ட எழுத்து மூலம் இல்லாத ஒப்படைப்பே செல்லாது. அதாவது எங்கள் வரியும் மெட்டும் 2018-லேயே எங்களிடம் திரும்பி வந்துவிட்டிருக்கின்றன, எங்களுக்குத்தான் தெரியவில்லை! ஒலிப்பதிவு அந்த நிறுவனத்துடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நிலம் எங்களுடையது.

இன்னொன்றும் சொன்னார். 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். அந்தத் திருத்தத்தின்படி, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையையே விற்றுவிட்டாலும்கூட, பாட்டு பயன்படும்போது வருகிற ராயல்டியில் வாங்கியவரோடு சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. படமாக இருந்தால் தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு, படத்தில் வராத தனிப்பாட்டுக்கு அந்த விலக்கும் இல்லை. வாரிசுகளுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும்தான் அந்த உரிமையை எழுதிவைக்கலாம். படைத்தவர் இறந்த பிறகும் 60 வருடம் வாரிசுகளுக்கு உரிமை உண்டு.

நோட்டீஸ் அனுப்பினோம். இரண்டு மாதம் இழுத்தார்கள், அப்புறம் புது ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். இப்போது வீடியோவில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஐயாவின் மனைவி பெயரில் அவருடைய பங்கு தனியாகப் போகிறது. முதல் தடவை பணம் ஏறியபோது அந்த அம்மா எனக்குப் போன் செய்து, "தம்பி, அவர் எழுதினதுக்கா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். அதற்குமேல் இருவருக்கும் பேச வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, ஒரு சென்ட் இடம் வாங்கினால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று எத்தனை பார்க்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை அரை அடி தள்ளிப் போட்டால் தாலுகா ஆபீஸுக்கு நடக்கிறோம். பாட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். காப்புரிமை வருவதற்குப் பதிவு கட்டாயமில்லை, பாட்டு உருவான நிமிடமே உரிமையும் வந்துவிடுகிறது. ஆனால் தகராறு என்று வந்தால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். வரிக்கோ மெட்டுக்கோ பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான். அதுகூட முடியாதவர்கள் குறைந்தது இதையாவது செய்யுங்கள்: பாட்டு முடிந்த அன்றைக்கே, ஸ்டுடியோவை விட்டு இறங்குவதற்கு முன்னால், வரி யார், மெட்டு யார், புரோகிராமிங் (கம்ப்யூட்டரில் இசை கோர்ப்பது) யார், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்பார்கள். நண்பர்களாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பாட்டு ஓடாதவரை யாருக்கும் சண்டை வராது, ஓடினால்தான் வரும்.

ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்கள் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 'நிரந்தரமாக' என்று இருந்தால் எனக்குக் கிடைத்த ஐந்து வருடக் கணக்கு உங்களுக்குக் கிடைக்காது, 'உலகம் முழுவதும்' என்று இருந்தால் இந்தியாவுக்கு மட்டும் என்ற கணக்கும் கிடைக்காது. விநியோக நிறுவனத்தோடு சேரும்போதும் இதே நிதானம் வேண்டும். சிலது வருடச் சந்தா, கட்டாமல் விட்டால் பாட்டையே இறக்கிவிடக்கூடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்து எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்து வைத்துக்கொண்டால் நிறுவனம் மாறும்போது பழைய கணக்கு அறுந்துபோகாது. யூடியூபில் மற்றவர்கள் உங்கள் பாட்டைப் போட்டால் அதைக் கண்டுபிடித்துக் காசை உங்கள் பக்கம் திருப்புகிற வசதியும் விநியோக நிறுவனம் வழியாகக் கிடைக்கிறது. ஆனால் இணையத்தில் வாங்கிய ரெடிமேட் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டை) வைத்துச் செய்த பாட்டுக்கு அது பொருந்தாது, அதே லூப் ஆயிரம் பேரிடம் இருக்கும். நம் உருமியையும் தவிலையும் நேரில் வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கலைஞருக்கும் ஒரு நாள் பேமெண்ட் போகும்.

சரி, மாதச் செலவுக்கு என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். மேடைதான். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் கல்யாண வரவேற்புகள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் திருவிழாக்கள் இருக்கின்றன. மார்கழியில் கல்யாணம் நின்றால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவுகள் வரும். நடுவில் கடை விளம்பரத்துக்கு ஜிங்கிள், பள்ளி ஆண்டு விழாவுக்கு டிராக், குறும்படத்துக்குப் பின்னணி இசை. தேர்தல் வந்தால் வேட்பாளர் பாட்டு, அதில் மட்டும் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிட வேண்டும், வாக்குப்பதிவு முடிந்தபின் கேட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. ஜிங்கிள் வேலை இந்த ஒன்றிரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது, கடைக்காரர்கள் செயற்கை நுண்ணறிவில் தாங்களே செய்துகொள்கிறார்கள். காலை ஆறு மணிக்கு டொராண்டோவில் இருக்கிற இரண்டு தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கீபோர்டு சொல்லித்தருகிறேன், என் வீட்டு வாடகையை அந்த வகுப்புத்தான் கட்டுகிறது.

இதில் என் சொந்தப் பாட்டுக்கு எங்கே இடம்? வரவேற்பில் இருபது சினிமாப் பாட்டுக்கு நடுவில் இரண்டு சொந்தப் பாட்டு வாசிப்பேன் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். முன்பு மேடை ஓரத்தில் கியூஆர் அட்டை வைக்கக் கூச்சமாக இருந்தது, இப்போது வைக்கிறேன், சாப்பிட்டுப் போகிறவர்கள் ஐம்பது நூறு என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு வேறு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர்களும் உண்டு. பேண்ட்கேம்ப் மாதிரி இடங்களில் ரசிகரே நேராகப் பாட்டை விலை கொடுத்து வாங்கலாம், டிஜிட்டல் பாட்டுக்கு அவர்கள் எடுப்பது 15 சதவீதம். இருநூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால் வருகிற காசுக்கு ஸ்ட்ரீமிங்கில் எத்தனை லட்சம் தடவை ஓட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழர்கள் அப்படி வாங்குகிறார்கள். உள்ளூரில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

புதுசு என்று நினைக்கிற இந்த வழி நம்மிடம் முன்பே இருந்ததுதான். புஷ்பவனம் குப்புசாமியும், மதுரை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் நாட்டுப்புறப் பாட்டை மேடையிலும் கேசட்டிலும்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே கேசட் விற்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. கேட்டவர் கையோடு வாங்கிப்போனார். கைக்குக் கை மாறுகிற அந்த விற்பனைதான் இப்போது காணாமல் போயிருக்கிறது.

கல்யாணக்காரர்களுக்கு ஒன்று. கல்யாண ஊர்வலத்திலும் அதோடு சேர்ந்த விழாக்களிலும் பாட்டுப் போடுவதற்கு ராயல்டி கட்ட வேண்டியதில்லை என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது, 2023-இல் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பாட்டை உண்டாக்கியவனுக்கு வரக்கூடிய ஒரே காசு அவன் நேரில் வந்து வாசிப்பதற்கான சம்பளம்தான். அதில் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் கல்லூரி விழாக்கள். ஒரு கல்லூரியில் சினிமாப் பாடகருக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், சவுண்ட் சர்வீஸுக்கு அட்வான்ஸ், ஜெனரேட்டருக்கு அட்வான்ஸ், பந்தல்காரருக்கு அட்வான்ஸ். அவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசிக்க வந்த ஐந்து பையன்களுக்கு மட்டும் "மேடை கிடைக்குதே தம்பி, இதைவிட என்ன வேணும்" என்று சொல்லி ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையன்கள் டிரம்ஸை ஏற்றிவர வேனுக்குக் கைக்காசு போட்டு வந்திருந்தார்கள். அந்த மேடையில் அன்றைக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். இது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

பையன்களும் கொஞ்சம் மாற வேண்டும். பில் போடத் தெரிய வேண்டும். பெரிய நிறுவனமாக இருந்தால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பலருக்கு அது திரும்ப வரும், செய்யாததால் வருடாவருடம் விட்டுவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம், வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை சேவை செய்பவர்களுக்குப் பொதுவாகப் பதிவே தேவையில்லை. நாட்டுப்புற, சாஸ்திரியக் கலைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை தனியாக விலக்கும் உண்டு. நம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் உறுப்பினராகாத பறையிசைக் கலைஞர்களும் கிராமத்துப் பாடகர்களும் இன்னும் எத்தனையோ பேர், அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கக் கம்ப்யூட்டர் தெரிந்த இந்தப் பையன்களால் முடியும்.

அந்த மூன்று பேரிடமும் வேலையை விட வேண்டாம் என்றுதான் சொன்னேன், இப்போதைக்கு. மாதம் இரண்டு நிகழ்ச்சி சம்பளத்தோடு கிடைக்கட்டும், நான்கு பாட்டாவது உங்கள் பெயரில் பதிவாகட்டும், அப்புறம் பேசுவோம் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்து பங்குத் தாளைக் காட்டினார்கள். வரி எழுதுகிறவனுக்கு எவ்வளவு என்பதில் இரண்டு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள், கடைசியில் எழுதிவிட்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கல் சமயத்தில் அரசு நடத்துகிற விழாக்கள், கோயில் திருவிழாக்கள், கல்லூரி விழாக்கள் பற்றிச் செய்தி போடும்போது, வாசித்த கலைஞர்களுக்குச் சம்பளம் என்றைக்குப் போய்ச்சேர்ந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். அரசு இசைக் கல்லூரிகளிலும் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி என்று வருடத்துக்கு ஒரு வகுப்பாவது நடத்தச் சொல்லி ஒரு தலையங்கம் எழுதினாலும் நல்லது, நான் சம்பளம் இல்லாமல் வந்து எடுக்கிறேன். அப்புறம், உங்கள் கட்டுரையில் ஆறு பாட்டுகளைப் பாராட்டியிருந்தீர்கள். ஆறுக்கும் பாடியவர் பெயர் இருந்தது. இரண்டுக்கு மட்டும்தான் வரி எழுதியவர் பெயர் இருந்தது. மற்ற நான்கு பேரின் பெயரையும் அடுத்த வாரம் ஒரு ஓரத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கீபோர்டு கலைஞர்,
திருச்சிராப்பள்ளி.